பின்வரிசையில் நிற்கிறவனுக்கு என்ன வாழ்வு?

கேள்வி: ஐயா, நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். என் மகனுக்கு 20 வயது, பி.காம். முடிக்கப்போகிறான். பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்ச் கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், இனிமேல் ஆளுயர டபுள் பேஸைக் கற்றுக்கொண்டு ஜாஸ் வாசித்தே வாழப்போகிறேன் என்கிறான். பாடகன் என்றாலாவது நாலு பேருக்கு முகம் தெரியும். பின்வரிசையில் நின்று 'டும் டும்' என்று தட்டுகிறவனுக்கு என்ன வாழ்வு? ஐம்பது வயதுக்கு மேல் இவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள்? வீடு, கல்யாணம், பிள்ளை என்று ஏதாவது உண்டா? வெளிநாட்டுப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கச் சொல்கிறான், வைக்கலாமா? யாராவது ஒருவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள். மேதைகளின் கதை மட்டும் வேண்டாம்.

பதில்: அன்புள்ள ஐயா,

கடைசி வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். ஜாஸ் பேஸ் என்று தேடினால் மேதைகளும் அற்பாயுசில் போனவர்களும்தான் வந்து நிற்பார்கள். பியானோக்காரர் டியூக் எலிங்டன் குழுவில் இருந்துகொண்டு இந்த வாத்தியத்தின் போக்கையே மாற்றிய ஜிம்மி பிளான்டன் 1942-இல் காசநோயில் இறந்தபோது வயது 23. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பால் சேம்பர்ஸ் 1969-இல் போனார், வயது 33. ஸ்காட் லஃபாரோ 1961-இல் கார் விபத்தில், 25 வயதில். தம்பி இவர்கள் மூவரையும் கேட்டிருப்பான், இவர்களைப் போல வாசிக்கவும் ஆசைப்படுவான். ஆசைப்படட்டும். ஆனால் நீங்கள் கேட்பது சாப்பாட்டுக் கணக்கு. அதற்கு நான் சொல்லக்கூடிய ஆள் மில்ட் ஹின்டன். 1910-இல் பிறந்தவர், 2000 டிசம்பரில் 90 வயதில் காலமானார். பேஸ் ஒன்றையே பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்தி, நியூயார்க்கில் சொந்த வீடு வாங்கி, மகளை வளர்த்து, கல்லூரியில் பாடமும் எடுத்தவர்.

அதற்கு முன் 'டும் டும்' பற்றி ஒரு வார்த்தை. ஜாஸ் குழுவில் பேஸ்காரர் செய்வது தம்புராவின் வேலையில் பாதி, மிருதங்கத்தின் வேலையில் பாதி. மற்றவர்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது அவர் வாசிக்கும் அடி ஸ்வரத்தை வைத்து. காலத்தைப் பிடித்துக்கொள்வதும் அவர் விரலை வைத்துத்தான். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் போகிறது, சாக்ஸஃபோன்காரர் உற்சாகமாகிப் பத்து நிமிடம் வாசித்துவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பேஸ்காரர் 2000 முறை தந்தியை இழுத்திருப்பார். ஒவ்வொன்றும் அந்த நொடியில் அவரே தேர்ந்தெடுத்த ஸ்வரம், எழுதி வைத்ததல்ல. சாக்ஸஃபோன்காரர் இடையில் மூச்சு வாங்கலாம், பியானோக்காரர் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கலாம், இவர் நிறுத்த முடியாது. சபையில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மேடையில் நிற்கிற மற்றவர்கள் அத்தனை பேரும் கவனிப்பார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறவர்களும் அவர்கள்தான். இந்த வாத்தியத்தின் பிழைப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது, ஹின்டன் வாழ்க்கையில் அதைப் பார்ப்பீர்கள்.

மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். பாட்டி அடிமையாக இருந்தவர். கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில் குடும்பமும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பியானோ தெரிந்த அம்மா, 13-ஆவது பிறந்தநாளுக்குப் பையனுக்கு ஒரு வயலின் வாங்கிக்கொடுத்தார். பையனும் ஒழுங்காகக் கற்றான். அந்தக் காலத்தில் வயலின் கற்ற கறுப்பினப் பையனுக்கு இருந்த நல்ல வேலை, மௌனப்படம் ஓடும் தியேட்டரில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்பது. சிம்பொனி இசைக்குழுக்களின் வாசலில் அவர்களை நிறுத்தக்கூட மாட்டார்கள். இவர் கை தேறி வந்த நேரத்தில், 1927-இல், பேசும் படம் வந்தது. தியேட்டர்காரர்கள் வயலின்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் வயலினைத் தூக்கி எறியவில்லை, அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. ஊரில் எந்த வாத்தியத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்தார். டியூபா ஊதினார், செல்லோ பிடித்தார், கடைசியில் டபுள் பேஸுக்கு வந்து சேர்ந்தார். 1930-இல் டைனி பார்ஹாம் குழுவோடு செய்த அவருடைய முதல் ரெக்கார்டிங்கில் வாசித்தது டியூபா. அதற்கு முன்பே ஒரு விபத்தில் விரல் ஒன்று போயிருக்க வேண்டியது. தான் போன கள்ளச்சாராய வண்டி மோதியதாகவும், விரலை வெட்டக்கூடாது என்று டாக்டரிடம் சிகாகோ தாதா அல் கபோனே சொன்னதாகவும் ஹின்டன் கதை சொல்வார். சிகாகோ அந்த மாதிரி ஊர்தான்.

வயலின் படிப்பு வீணாகவில்லை என்பதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். நோட்டேஷன் பார்த்து வாசிக்கவும், வில் பிடிக்கவும், சுருதி சேர்க்கவும் ஏற்கெனவே கற்றிருந்த பேஸ்காரர் அப்போது குறைவு. ஆயுள் முழுக்க அவருக்குச் சோறு போட்டது அந்தப் பழக்கம்.

1936-இல் பாடகர் கேப் கேலோவே குழுவின் பேஸ்காரர் ஆல் மோர்கன் விலகினார். நியூயார்க் போய்ச் சேரும்வரை யாராவது வேண்டுமே என்று கேலோவே சிகாகோவில் ஹின்டனைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தற்காலிகம் 15 வருஷம் நீண்டது. கேலோவே அன்று அமெரிக்காவின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். தெற்கு மாநிலங்களில் குழு தனி ரயில் பெட்டியில் பயணம் செய்யும், ஏனென்றால் வெள்ளையர் ஹோட்டலில் இடம் கிடைக்காது. மேடையில் கைதட்டல், இறங்கினால் 'கறுப்பர் வாசல்' என்று பலகை. இவரிடம் ஒரு சின்ன கேமரா இருந்தது, 25-ஆவது பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. அந்தப் பலகைகளுக்குக் கீழே சக கலைஞர்களை நிறுத்தி எடுத்த படங்கள் இன்று சரித்திர ஆவணம். தூங்குகிறவர்கள், சீட்டாடுகிறவர்கள், ஸ்டுடியோவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று சுமார் 60,000 நெகட்டிவ் சேர்த்துவிட்டார். 1959-இல் பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசி ரெக்கார்டிங்கின்போது எடுத்த படத்தைப் பாருங்கள், எவ்வளவு தளர்ந்துபோயிருந்தார் என்று தெரியும். பின்வரிசையில் நிற்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு, எல்லாரையும் பார்க்கலாம்.

கேலோவே குழுவில் 1939-இல் ஒரு குறும்புக்கார டிரம்பெட் பையன் வந்து சேர்ந்தான். டிஸ்ஸி கில்லெஸ்பி. ஹின்டனைவிட ஏழு வயது சின்னவன். அவன் மண்டைக்குள் புதுப்புது ஸ்வரக் கூட்டுகள் (கார்டு என்பார்கள்) ஓடிக்கொண்டிருந்தன, கேலோவேக்கு அது பிடிக்காது, "சீன இசை" என்று திட்டுவார். ஹின்டன் என்ன செய்தார் தெரியுமா? பிராட்வேயில் இருந்த காட்டன் கிளப்பில் இரண்டு காட்சிகளுக்கு இடையே, அவ்வளவு பெரிய பேஸை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே அந்தப் பையன் சொல்லிக்கொடுக்க, இவர் கற்றுக்கொள்வார். நிலையான சம்பளம் வாங்குகிற சீனியர், ஜூனியரிடம் பாடம் கேட்கிறார். நாலைந்து வருஷத்தில் அந்த மொட்டை மாடிப் பாடம்தான் பீபாப் என்ற பெயரில் ஜாஸையே புரட்டிப்போட்டது. அப்போது பழைய பேஸ்காரர்கள் பலர் திணறிப்போனார்கள், ஹின்டனுக்கு அது பழகின விஷயமாக இருந்தது.

(அதே கில்லெஸ்பிதான் 1941-இல் ஹார்ட்ஃபர்ட் நகரில், யாரோ எறிந்த எச்சில் காகித உருண்டைக்குத் தன்மேல் பழி விழுந்ததற்காக கேலோவேமீது கத்தியை ஓங்கினார். குத்து ஆழமாக விழாமல் கையைத் தட்டிவிட்டவர் ஹின்டன். கேலோவேக்குத் தொடையில் தையல், கில்லெஸ்பிக்கு வேலை போயிற்று. நடுவில் நிற்பது பேஸ்காரரின் பிழைப்பு என்று சும்மாவா சொல்கிறார்கள்.)

கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள். மோனாவை அவர் சந்தித்தது 1939-இல், தன் பாட்டியின் இறுதிச் சடங்கில். அந்தச் சர்ச் கொயரில் பாடியவர். அதன்பின் கடைசிவரை கூடவே இருந்தவர். குழுவோடு பயணம் போவார், தெற்கத்தி ஊர்களில் கறுப்பின மக்கள் வீடுகளில் போய் இடம் பேசித் தங்க ஏற்பாடு செய்வார், கணக்கு வழக்கு முழுக்க அவர் கையில். ஜாஸ் கலைஞர்கள் பலர் சம்பாதித்ததை எங்கே தொலைத்தார்கள் என்று தெரியாமல் நின்ற காலத்தில் ஹின்டனுக்கு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வீடு நின்றது என்றால் அதில் மோனாவுக்குப் பெரிய பங்கு. உங்கள் வீட்டில் பணம் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தம்பிக்கு நீங்கள் ஒரு வரவு செலவு நோட்டுப் போடப் பழக்கினால் அது எந்த இசைக் கல்லூரியிலும் சொல்லித்தராத பாடமாக இருக்கும்.

1940-களின் கடைசியில் பெரிய குழுக்களுக்குக் காலம் முடிந்தது. கேலோவே ஆட்களைக் குறைத்துக் குறைத்து 1951-இல் கடையைக் கட்டினார். ஹின்டனுக்கு அப்போது 41. பதினைந்து வருஷம் மாதச் சம்பளம் மாதிரி வாங்கிய மனிதர் தெருவுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாள் கவுன்ட் பேஸியோடு, கொஞ்ச நாள் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு. அந்த நாட்களில் நியூயார்க் தெருவில் ஒரு பழைய சிநேகிதர் எதிரே வந்தார். கிளப்களில் கஷ்டப்பட்ட காலத்தில் பழகியவர், இப்போது டெலிவிஷனில் பெரிய ஆள், ஜாக்கி கிளீசன் என்ற நகைச்சுவை நடிகர். வேலை இல்லை என்று தெரிந்ததும், மறுநாள் தன்னுடைய ரெக்கார்டிங்குக்கு இவரைப் போடச் சொல்லிவிட்டார். நியூயார்க் ஸ்டுடியோக்களில் அப்போது கறுப்பினக் கலைஞர்களைக் கூப்பிடுவது மிகக் குறைவு. கிளீசன் திறந்தது கதவு மட்டும்தான். உள்ளே போன ஹின்டன், வைத்த காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார், வில் கேட்டால் வில், விரல் கேட்டால் விரல். பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

நம்மூர் சினிமா இசைக் கலைஞர்கள் பாஷையில் சொன்னால், கால்ஷீட். மூன்று மணி நேரம் ஒரு கால்ஷீட், ஒரு நாளில் மூன்று, ஏறத்தாழ இருபது வருஷம். காலையில் விளம்பரப் பாட்டு, மத்தியானம் பில்லி ஹாலிடே, ராத்திரி வேறு யாரோ. ஒரு ஸ்டுடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் பேஸைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்காது என்று பல பேஸ்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் போட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுவார். பியானோவில் ஹாங்க் ஜோன்ஸ், கிட்டாரில் பாரி கால்பிரெய்த், டிரம்ஸில் ஓஸி ஜான்சன், பேஸில் இவர். இந்த நால்வரையும் நியூயார்க் ரிதம் செக்ஷன் என்றே அழைத்தார்கள். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் ஆரம்பகாலப் பதிவுகளில் இவர் இருக்கிறார், பார்ப்ரா ஸ்ட்ரைசண்டுக்கும் வாசித்திருக்கிறார். பாட்டைக் கேட்ட கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. சக கலைஞர்கள் அவரை 'ஜட்ஜ்' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு அதுவும் போயிற்று. போனதற்குக் காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கேலோவே கடையைக் கட்டிய அதே 1951-இல் லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் மின்சார பேஸ் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1960-களின் கடைசியில் ராக் இசை ஸ்டுடியோக்களைப் பிடித்துக்கொண்டது, புரொட்யூசர்கள் பேஸ் கிட்டாரைத்தான் கேட்டார்கள். தம்பி சர்ச்சில் வாசிக்கிறானே, அந்த வாத்தியம்.

ஹின்டனுக்கு அறுபதை நெருங்கும் வயது. பாடகி பேர்ல் பெய்லியோடும் பாடகர் பிங் கிராஸ்பியோடும் ஊர் ஊராகப் போனார். ஹன்டர் கல்லூரியிலும் பரூக் கல்லூரியிலும் பாடம் எடுத்தார். வீட்டுக்கு வரும் சின்னப் பையன்களுக்குச் சோறும் போட்டுச் சொல்லியும் கொடுத்தார்கள், மோனாவும் அவருமாக. 70-ஆவது பிறந்தநாளுக்கு நண்பர்கள் சேர்ந்து அவர் பெயரில் பேஸ் மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். சாக்ஸஃபோன்காரர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் 1989-இல் வெளியிட்ட 'ட்ரியோ ஜீப்பி' ஆல்பத்தில் பேஸ் வாசித்தது 77 வயது ஹின்டன். மார்சாலிஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. 1993-இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது வந்தது. ஐம்பதுக்கு மேல் எதை வைத்துச் சாப்பிட்டார் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஹென்றி கிரைம்ஸ் என்று ஒருவர். நியூயார்க்கின் ஜூலியார்டு இசைக் கல்லூரியில் படித்தவர், 1950-களிலும் 60-களிலும் சோனி ராலின்ஸ், செசில் டெய்லர், ஆல்பர்ட் ஐலர் என்று பெரியவர்கள் எல்லாரோடும் வாசித்தவர். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்குப் போனார். பேஸ் பழுதாகிவிட்டது, ரிப்பேருக்குப் பணம் இல்லை, விற்றுவிட்டார். அதோடு ஆள் காணாமல் போனார். செத்துவிட்டார் என்றே பலர் எழுதிவிட்டார்கள். 2002-இல் ஒரு சமூக சேவகர் தேடிப்பிடித்தபோது லாஸ் ஏஞ்சலீஸில் ஒற்றை அறையில் இருந்தார். இடையில் துப்புரவு வேலை, கட்டட வேலை, நிறையக் கவிதை. கூட வாசித்த ஐலர் 1970-லேயே இறந்துபோனது அவருக்குத் தெரியாது. நியூயார்க் பேஸ்காரர் வில்லியம் பார்க்கர் ஒரு பேஸை அனுப்பிவைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தொடாதவர், மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே சாதகம் செய்து 2003-இல் மறுபடி மேடையேறினார். அதன்பின் பல வருஷம் ஊர் உலகமெல்லாம் வாசித்தார், 2020-இல் கொரோனாவில் இறந்தார். திறமையில் கிரைம்ஸ் ஹின்டனுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்தவர் இல்லை. கையில் மாற்று வேலை இல்லை, பக்கத்தில் மோனாவும் இல்லை, வாத்தியம் உடைந்தபோது அழைத்துக் கேட்கவும் ஆள் இல்லை.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். ஒரு நாளில் மூன்று கால்ஷீட் என்ற உலகம் நியூயார்க்கிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. நம் ஸ்டுடியோக்களில் பேஸ் பெரும்பாலும் கீபோர்டிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ வருகிறது. இன்று ஜாஸ் பேஸ்காரர் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலர் வருமானத்தில் நல்ல பங்கைப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். ரான் கார்ட்டர் 2,000-க்கும் மேற்பட்ட ரெக்கார்டிங்குகளில் வாசித்துக் கின்னஸில் இடம்பிடித்தவர், அவரே நியூயார்க் சிட்டி கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். எனவே தம்பி சொல்லிக்கொடுப்பதைத் தோல்வி என்று நினைக்கிற ஆளாக இருந்தால் இந்தத் தொழில் அவனுக்கு வேண்டாம். பேஸ் கிட்டாரையும் விடக்கூடாது. நாடக அரங்குகளில், மியூசிக்கல் நிகழ்ச்சிகளில் இரண்டும் வாசிப்பவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். டபுள் பேஸை இன்னும் கையால் தொடாத பையன் அவன். பேஸ் கிட்டாரில் வீணையில் இருப்பது மாதிரி மெட்டுகள் இருக்கின்றன, இரண்டு மெட்டுக்கு நடுவே விரலை எங்கே வைத்தாலும் சுருதி சரியாக வரும். டபுள் பேஸில் மெட்டு கிடையாது, விரல் ஒரு இழை தள்ளி விழுந்தாலும் அபஸ்வரம். முதல் ஆறு மாதம் வில்லை வைத்து நீளமாக இழுத்துப் பழகட்டும், சிமாண்டல் என்ற டபுள் பேஸ் பாடப் புத்தகத்தின் முதல் பாகத்தோடு. பக்கத்தில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொள்ளட்டும். இதை நான் நம்மூர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, மேற்கத்திய பேஸ் ஆசிரியர்களே இப்படி ஒரு நிலைசுருதியைப் போட்டுக்கொண்டு பழகச் சொல்கிறார்கள். விரலில் கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். அப்புறம் மெட்ரனோம், அதாவது தாளம் தட்டும் கருவி. பி.காமை முடிக்கட்டும், வருஷம் ஒன்று இப்படி வாசிக்கட்டும். அதன் பிறகும் காலையில் எழுந்ததும் அதைத் தேடிப்போனால் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். முழு உதவித்தொகையோ, பெரும்பகுதி உதவித்தொகையோ கிடைக்கிற இடத்துக்கு மட்டும். நல்ல பேஸ்காரர்கள் பல கல்லூரிக் குழுக்களில் பற்றாக்குறை, சாக்ஸஃபோன்காரர்கள் நிறைய வருமிடத்தில் பேஸ்காரர்கள் குறைவாகத்தான் வருவார்கள். அந்தக் கணக்கு அவனுக்குச் சாதகம்.

வாத்தியம் வாங்குவதென்றால் பிளைவுட் உடம்பு போதும். முழுக்கட்டையில் குடைந்து செய்தது அழகாகத்தான் ஒலிக்கும், ஆனால் ஏ.சி. அறைக்கும் நம் வெயிலுக்கும் மாறி மாறிப் போனால் முகப்பில் விரிசல் விடும். முக்கால் அளவு என்று கேளுங்கள், அதுதான் எல்லாரும் வாசிக்கும் அளவு, முழு அளவு வேண்டாம். பழைய வாத்தியமாக இருந்தால் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், பசை விட்டுப்போயிருந்தால் கோடு தட்டுப்படும். உள்ளே முகப்பையும் முதுகையும் தாங்கி நிற்கிற சின்னக் குச்சி நேராக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தந்திகள் விரல் பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால் பையன் ஒரு மாதத்தில் கையைக் கெடுத்துக்கொள்வான், அதைக் குறைத்துத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் முகப்பு, முதுகு, கழுத்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நான்கையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.